பைக்கிற்கு ஆயில் மாற்றும்போது எவ்வளவு ஊற்ற வேண்டும்? ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பது சரியா?

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பில் இருந்து நெய்வேலிக்கு சுமார் 20 கி.மீ. தூரம். சுரங்கம், அனல்மின் நிலையம், ஒப்பந்த வேலை, கடை வேலை என்று இந்த வழியில் தினமும் பைக்கில் போய் வருபவர்கள் ஏராளம். போக வர 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், வேலை நாட்களில் மட்டும் ஓட்டினாலே மூன்று மாதத்தில் 3,000 கி.மீ. தாண்டிவிடும். அதாவது, ஆயிலைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

கடையில் ஒரு லிட்டர் டப்பா வாங்குகிறோம். தேவையான அளவு ஊற்றிய பிறகு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. "காசு கொடுத்து வாங்கினதுதானே, அதையும் ஊத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறோம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

எந்த பைக்கிற்கு எவ்வளவு?

சரியான அளவு, மாடலுக்கு மாடல் மாறும். தோராயமாகச் சொன்னால்:

* 100 - 110 சிசி பைக்குகள், ஸ்கூட்டர்கள்: 650 முதல் 900 மி.லி. வரை
* 125 - 160 சிசி பைக்குகள்: 900 மி.லி. முதல் 1.2 லிட்டர் வரை
* 350 சிசி புல்லட் வகைகள்: 2 லிட்டருக்கு கொஞ்சம் மேல்

இது ஒரு கணக்கிற்குத்தான். உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவு, வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஆயில் மூடிக்குப் பக்கத்திலேயே எஞ்சின் மீதும் அச்சிட்டிருப்பார்கள்.

கையேட்டில் ஏன் இரண்டு அளவு?

கையேட்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, 'ஆயில் மாற்றும்போது 0.9 லிட்டர், எஞ்சினைப் பிரித்தால் 1.1 லிட்டர்' என்று போட்டிருக்கலாம். இதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் முழுவதும் வெளியே வந்துவிடாது. கிளட்ச் தட்டுகளிலும், கியர் பற்களிலும், சின்னச் சின்ன ஆயில் பாதைகளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு உள்ளேயே நிற்கும். அதனால் சாதாரண ஆயில் மாற்றத்திற்கு சின்ன எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பெரிய எண், எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும்போது மட்டும்தான்.

தனியாக ஆயில் ஃபில்டர் உள்ள வண்டிகளில் மூன்றாவதாக ஒரு எண்ணும் இருக்கலாம். அது ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு.

100 மி.லி. கூடினால் என்ன ஆகிவிடும்?

காரில் 4 லிட்டர் ஆயில் இருக்கிறது என்றால், 100 மி.லி. கூடினால் அது இரண்டரை சதவீதம்தான். அதே 100 மி.லி., 900 மி.லி. பிடிக்கும் பைக்கில் 11 சதவீதம். 750 மி.லி. பிடிக்கும் வண்டியில் முழு லிட்டரையும் ஊற்றினால், தேவையை விட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

ஆயில் மட்டம் ஏறினால், சுழலும் கிராங்க் அதை அடித்துக் கலக்கும். மோர் கடைவது போல ஆயிலில் காற்று கலந்து நுரை வரும். நுரைத்த ஆயிலால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே படலமாக நிற்க முடியாது. உள்ளே அழுத்தம் கூடி, காற்றுப்போக்கிக் குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் வரை போகும். சீல்களில் கசிவு வரும். வண்டி இழுக்காது, புகை தள்ளும்.

குறைந்தால் இன்னும் ஆபத்து. பெரும்பாலான சின்ன பைக்குகள் காற்றில் குளிரும் எஞ்சின் கொண்டவை. அவற்றில் ஆயில் வழுக்குவதற்கு மட்டுமல்ல, சூட்டை இறக்குவதற்கும்தான். ஆயில் போதாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும். மேலே உள்ள கேம் பகுதிக்கு ஆயில் ஒழுங்காக ஏறாது. பிஸ்டன் ரிங் தேயும். கடைசியில் எஞ்சின் ஜாம் ஆகி, போர் வேலை வரை இழுத்துவிடும். ஒரு டப்பா ஆயில் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

சரியாக ஊற்றுவது எப்படி?

1. வண்டியை இரண்டு, மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் பழைய ஆயில் நன்றாக வடியும்.

2. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விடுங்கள்.

3. போல்ட்டை மாட்டும்போது வாஷரைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும்.

4. கையேட்டில் சொன்ன அளவை விட 50 - 100 மி.லி. குறைவாக முதலில் ஊற்றுங்கள். கூடிவிட்டால் எடுப்பது கஷ்டம், குறைந்தால் ஊற்றுவது சுலபம்.

5. எஞ்சினை மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டும்.

6. இப்போது ஆயில் கேஜைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருந்தால் சரி. குறைந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

பல மாடல்களில் கேஜைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் திருக வேண்டும். இதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னல் உள்ள வண்டி என்றால் நேராக நிறுத்தி அதிலேயே மட்டம் பார்க்கலாம். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் அளவு தப்பாகத்தான் காட்டும்.

மிச்ச ஆயிலை என்ன செய்வது?

மூடியை இறுக்கி, தூசி படாமல் எடுத்து வையுங்கள். ஓட ஓட ஆயில் கொஞ்சம் குறையும். அப்போது டாப்-அப் செய்ய அதே ஆயில் கையில் இருக்கும். பல நிறுவனங்கள் 800, 900 மி.லி. டப்பாக்களும் விற்கின்றன, கேட்டு வாங்கலாம்.

அளவு சரியாக இருந்து ரகம் தப்பினாலும் பிரச்னைதான். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா, '10டபிள்யூ-30' போன்ற எண் கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் நனையாது. அவற்றுக்கு 'எம்பி' ரகம் தனியாக உண்டு.

ஊற்றாமலே அளவு ஏறினால்?

இது எச்சரிக்கை. பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அடிக்கடி வெள்ளம் பார்க்கும் கடலூர் மாவட்டத்தில் இது முக்கியம். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்ற வேண்டாம். 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

சுருக்கமாக: டப்பா சொல்லும் அளவு கடைக்கு, கையேடு சொல்லும் அளவு வண்டிக்கு, கடைசித் தீர்ப்பு கேஜில் உள்ள இரண்டு கோடுகளுக்கு.