பள்ளிக்கூடத்துக்குக் காசு: ஊரைக் கேட்கணுமா?

தாராசுரத்தில் ஒரு அரசுப் பள்ளிக்குப் புது வகுப்பறை கட்டணும்னு வையுங்க. அதுக்காக ஊர்க்காரங்ககிட்ட ஓட்டெடுப்பு நடத்துவாங்களா? நம்ம சட்டத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடத்தியே ஆகணும்.

காரணம் எளிது. அங்கே பள்ளிக் கட்டடத்துக்காக உள்ளூரில் கடன் பத்திரம் வெளியிட்டால், அதை அடைப்பது அந்த வட்டாரத்துச் சொத்து வரி. கட்டப்போகிறவன் சம்மதிக்கணும். 1879 அரசியல் சட்டத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 1000 பேர் ஓட்டுப் போட்டால் 667 வேணும். 660 பேர் ஆதரித்து 340 பேர் எதிர்த்தால், ஜெயிப்பது அந்த 340 பேர்தான்!

2000 நவம்பரில் 'முன்மொழிவு 39' வந்து இந்த வரம்பை 55 சதவீதமாக்கியது. சும்மா குறைக்கவில்லை. என்னென்ன கட்டப்போகிறோம் என்ற பட்டியல், ஆண்டுதோறும் தணிக்கை, மக்கள் கண்காணிப்புக் குழு எல்லாம் கட்டாயம். ஆசிரியர் சம்பளத்துக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது.

நம்ம பக்கம் வருவோம். 1920-இன் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி போட வழி செய்தது. நகரங்களில் அது சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகி வந்திருக்கிறது. முடிவெடுப்பது மன்றமும் அரசும்; வரி கட்டுகிறவரிடம் தனியாகக் கேட்பதில்லை. தாராசுரம் 2021-இல் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, அந்த மன்றமும் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

இதில் ஒரு நன்மை உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாநில கஜானாவிலிருந்து வருவதால், நெசவாளர் தெருப் பள்ளிக்கும் பெரிய நகரத்துப் பள்ளிக்கும் ஒரே சம்பள விகிதம்தான். கலிபோர்னியா முறையில் சொத்து மதிப்பு அதிகமுள்ள ஊர் சுலபமாகக் கட்டிடும், ஏழை ஊர் திணறும்.

கெடுதலும் உண்டு. மேலே ரெண்டு அரசுகள் முட்டிக்கொண்டால் கீழே பள்ளி காயும். 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி ₹2,152 கோடியை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தியதாகச் சொல்லி, தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. இந்தச் சண்டையில் எந்த ஊர்ப் பெற்றோருக்கும் ஓட்டு இல்லை.

அப்போ நமக்கு என்னதான் இருக்கு? பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதன் 22-ஆம் பிரிவு, இந்தக் குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை என்கிறது. பணம் வசூலிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. எது வேணும் என்று எழுதும் அதிகாரம் உண்டு.

கலிபோர்னியாவில் ஓட்டுச்சாவடியில் நடக்கும் வாதம், இங்கே அந்தக் கூட்டத்தில் நடக்கணும். தலைமையாசிரியர் நீட்டுகிற தாளில் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்தால், இருக்கிற ஒரே ஓட்டையும் வீணாக்கின கதைதான்.