‘குத்தாலம் வாலிபர்’ கைவரிசை!

இந்த நாட்டில் லீவே போடாமல் உழைக்கிற ஆள் யார் தெரியுமோ? ‘மர்ம நபர்’தான்! தீபாவளி, பொங்கல் எதுவும் அவருக்குக் கிடையாது. தினமும் காலையில் பேப்பரில் ஆஜர். பீரோவை உடைப்பார், செயினை அறுப்பார், டூ வீலரைத் தள்ளிக்கொண்டு போவார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

வம்பெல்லாம் அவர் பிடிபட்ட பிறகுதான். உள்ளூர்க்காரராக இருந்தால், ‘நகை பறித்த வாலிபர் கைது.’ முடிந்தது கதை. அதே ஆள் பீகாரிலோ ஒடிசாவிலோ பிறந்து தொலைத்திருந்தால்? ‘வடமாநில கொள்ளையன் சிக்கினான்!’ பறித்தது என்னவோ அதே மூணு பவுன்தான். ஆனால் முதல் ஆசாமி தனியாக ஜெயிலுக்குப் போகிறார். இரண்டாவது ஆசாமி பாதி இந்தியாவையே கூட்டிக்கொண்டு போகிறார்!

அடியேன் பி.காம். இதைப் படிக்கும்போதெல்லாம் லெட்ஜர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காலேஜில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. நம் பேப்பர்கள் வடக்கத்தி ஆட்களுக்குப் போடுவது ஒற்றைப் பதிவுக் கணக்கு. திருட்டு மட்டும் மாநிலத்தின் பேரில் ஏறும். உழைப்பு யார் பேரிலும் ஏறாது.

எங்கள் குத்தாலம் பக்கமே வந்து பாருங்கள். நடவுக்கு ஆள் கிடைக்காத காவிரி டெல்டாவில், சில வருஷமாக மேற்கு வங்காளத்து ஆட்கள் வந்து நாற்று நடுகிறார்கள். போன குறுவை சமயம் டீக்கடையில் ஒரு மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“இந்த வடக்கத்திக்காரனுங்களை ஊருக்குள்ள விட்டதே தப்புடா மாப்ள. பேப்பரைப் பாரு!”

“உங்க வயல்ல யார் மாமா நட்டா?”

“அவனுங்கதான். நல்லாத்தான் நட்டானுங்க. அதுக்காக? நடவு வேற, நம்பிக்கை வேறடா!”

பாருங்கள், கண்ணால் பார்த்த பத்துப் பேர் ஒழுங்காக நட்டுவிட்டுப் போனார்கள். கண்ணால் பார்க்காத ஒருத்தன் எங்கேயோ செயின் அறுத்தான். கடைசியில் மாமா மனசில் ஜெயித்தது பார்க்காதவன்தான்!

‘ஒரு வார்த்தைதானே சார், அதில் என்ன குடி முழுகிவிடும்?’ என்கிறீர்களா? முழுகியிருக்கிறது.

2018 மே மாதம். வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், வழியில் வண்டியை நிறுத்தியது. அதிலிருந்த வயதான அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்தே போனார். அவர் வடமாநிலமும் இல்லை, வெளிநாடும் இல்லை. சென்னைக்காரர்! வாட்ஸ்அப் பற்ற வைத்த நெருப்புதான், வாஸ்தவம். ஆனால் ‘வடமாநிலம்’ என்றதுமே ‘ஆமாம், இருக்கும்’ என்று தலையாட்ட ஊரைப் பழக்கி வைத்தது யார்?

2023 மார்ச்சில் சக்கரம் திரும்பியது. ‘தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள்’ என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. திருப்பூரில் தொழிலாளிகள் அரண்டு போனார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. நம் போலீஸ் விசாரித்துச் சொன்னது என்ன? ஒரு வீடியோவில் அடித்துக்கொண்டவர்கள் பீகார்த் தொழிலாளிகளே. இன்னொன்றில் கோவை உள்ளூர்க்காரர்களே. அப்போது நமக்கு எப்படிக் கோபம் வந்தது! ‘எவனோ எதற்கோ போட்ட சண்டைக்கு மொத்தத் தமிழனையும் கொலைகாரன் என்பதா?’ நியாயமான கோபம்தான். அந்த மருந்தின் கசப்பு அன்றைக்குத்தான் நம் நாக்கில் பட்டது.

இந்த வியாதிக்கு வயசு அதிகம். வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் வைத்த பேர் ரேகைச் சட்டம். தப்பு செய்தவனை மட்டுமல்ல, அந்த சாதியில் பிறந்தவனையே குற்றவாளி லிஸ்ட்டில் எழுதினார்கள். இதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எல்லாம். 1947-ல் மதராஸில் சட்டம் ஒழிந்தது. லிஸ்ட் போய்விட்டது, தலைப்பு போகவில்லை!

பிரஸ் கவுன்சில் நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது: ஒருவரின் சாதியைக் குறிப்பிடுவது அந்த சாதிக்கே இழிவு சேர்க்கும் என்றால் தவிர்க்க வேண்டும். ஆனால் கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது.

‘அப்படியானால் ஊர், சாதி எதையுமே எழுதக் கூடாதா?’ எழுத வேண்டிய இடம் இருக்கிறது சார். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகப் பெற்ற பெண்ணையே கொல்கிறார்களே, அங்கே சாதிதான் கொலைக்குக் காரணம். நாம் அங்கே என்ன எழுதுகிறோம்? ‘வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்’, ‘இரு தரப்பினர்’ என்று பூசி மெழுகுகிறோம். காரணமாக இருக்கும் இடத்தில் மறைப்பு. சம்பந்தமே இல்லாத சைக்கிள் திருட்டில் விலாசத்தோடு அறிவிப்பு!

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பேப்பர் ஒன்று 2016-ல் வேறு வழி பிடித்தது. நாட்டைச் சொல்லாமல் விட்டால், ‘எல்லாம் அகதிகள் வேலைதான்’ என்று ஜனங்களே முடிவு கட்டிவிடுகிறார்களாம். அதனால் பிடிபட்டவர் யாராக இருந்தாலும் நாட்டை எழுதுவோம், ஜெர்மானியர் என்றாலும் அதையும் எழுதுவோம் என்றது. சாட்சாத் இரட்டைப் பதிவு! எழுதினால் எல்லாருக்கும் எழுது என்கிற அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விடுவதுதான் இன்னும் உத்தமம் என்பது என் கட்சி.

பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற தம்பிகளே, உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த தடவை பேப்பரில் ‘வடமாநில வாலிபர்’ என்று பார்த்தால், அந்த இடத்தில் உங்கள் ஊர்ப் பேரைப் போட்டுப் படியுங்கள். ‘குத்தாலம் வாலிபர் கைவரிசை!’ என்று பெங்களூர் பேப்பரில் வந்த மறுநாள், அங்கே நீங்கள் வாடகைக்கு ரூம் கேட்டுப் போகிறீர்கள். வீட்டுக்காரர் கேட்கப் போகும் முதல் கேள்வி என்ன?

“எந்த ஊர் தம்பி?”

பதில் சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைக்கிறதல்லவா? அந்த அடைப்போடுதான் நம்மூரில் எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.