இழுத்தால் இறுகும், தள்ளினால் தளரும்

சைக்கிள் ஹேண்டில்பாரில் பழைய ரப்பர் கிரிப்பைக் கழற்ற முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முனையைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது. இழுக்க இழுக்க இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுபோல் இருக்கும். பிரமை இல்லை, உண்மையிலேயே அது அப்படித்தான் செய்கிறது. அதே கிரிப்பின் உள்விளிம்பில், பிரேக் இருக்கும் பக்கத்திலிருந்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். மெல்ல நகரும்.

போக வேண்டிய திசை ஒன்றுதான், விசையும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஒரு ரப்பர் பேண்டை இழுத்தால் நீளும், கூடவே மெலியும். ரப்பரின் உருவத்தை மாற்றுவது எளிது, கனஅளவை மாற்றுவதோ மிகக் கடினம். நீளத்தில் கூடியதை அது குறுக்கில் குறைத்தாக வேண்டும். பத்து விழுக்காடு நீண்டால் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு ஒடுங்கும். கிரிப்பை இழுக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஆனால் உள்ளே இரும்புக் குழாய் இருப்பதால் ஒடுங்க இடமில்லை. ஒடுங்க முடியாத ரப்பர் குழாயை நெரிக்கிறது. தள்ளும்போது நீளம் குறைகிறது, ரப்பர் புடைக்கிறது, பிடி தளர்கிறது.

ஒரு பொருள் நீளும்போது குறுக்கில் எவ்வளவு ஒடுங்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு, பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் பெயரால் பாய்சான் விகிதம் என்று பெயர். ரப்பருக்கு அது ஏறத்தாழ 0.5, எஃகுக்கு 0.3 அளவில். பாட்டில் மூடியாகும் கார்க்குக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதனால்தான் கார்க்கை அழுத்தினாலும் பக்கவாட்டில் புடைக்காமல் பாட்டிலின் கழுத்துக்குள் போய்விடுகிறது.

சாதாரணக் கிரிப்பை ஹேண்டில்பாரில் நிறுத்தி வைக்க ஸ்க்ரூவும் இல்லை, பசையும் இல்லை. பிடி இருக்கும் இடத்தில் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 22.2 மி.மீ. கிரிப்பின் துளை அதைவிடச் சற்றே சிறியது. விரிந்து உட்கார்ந்த ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த ஓயாத முயற்சியைத்தான் நாம் பிடிமானம் என்கிறோம். 12 செ.மீ. நீளமுள்ள கிரிப் என்றால், சுமார் 84 சதுர செ.மீ. பரப்பு முழுவதும் இந்த நெரிப்பும் உராய்வும் வேலை செய்கின்றன. இவ்வளவு எளிய ஏற்பாடு, மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவரின் இழுப்பையும் தாங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்படியானால் புதியதை மாட்டுவது எப்படி? ஒரு நிமிடம் வழுக்க வேண்டும், அப்புறம் வழுக்கவே கூடாது. வளையல்காரர் கையில் சோப்பு போடுவதுபோல் இதற்கும் சோப்புத் தண்ணீர் விடுபவர்கள் உண்டு. உள்ளே ஏறிவிடும். ஆனால் தண்ணீர் காய்ந்தாலும் சோப்பு தங்கிவிடும். மழையில் நனைந்ததும் மறுபடி வழுக்கும். எண்ணெய், கிரீஸ் பக்கம் போகவே வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, கொழகொழத்துப் போகும்.

ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்தான் சரி. அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் இருக்கும். அதனால் துளிகளாக நிற்காமல் மெல்லிய படலமாய்ப் பரவும். வேலை முடிந்ததும் விளிம்புகள் வழியே ஆவியாகிப் போகும், பின்னால் எதையும் விட்டுவைக்காது. அடுப்புக்கும் நெருப்புக்கும் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பழைய கிரிப்பைக் கழற்றவும் இதே வழி: கூர் மழுக்கிய ஸ்போக் கம்பியை அடியில் நுழைத்து, இடுக்கில் சில சொட்டு விட்டு, முறுக்கியபடியே தள்ள வேண்டும். கிரிப் ரப்பராக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால், மாட்டுமுன் சற்று நேரம் வெந்நீரில் போட்டு வைத்தாலே இளகிக் கொடுக்கும்.

ஆண்டுக்கணக்கில் விரிந்தே இருக்கும் ரப்பர் மெல்ல மெல்லத் தன் இழுப்பை இழக்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை வெடிக்கச் செய்கின்றன. கிரிப் கையோடு சுழல ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். பிள்ளைகளின் சைக்கிளில் முனை கிழிந்து குழாய் வெளியே தெரிந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். விழும்போது அந்த வட்ட விளிம்பு வயிற்றில் குத்தினால், தோலில் சிறு தடம் மட்டும் தெரிய, உள்ளே ஈரலோ கணையமோ காயப்பட்டிருக்கலாம்.

புதியதை மாட்டியபின் ஓர் இரவு வண்டி சுவரோரம் நிற்கட்டும். காலையில் இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால் பிள்ளையிடம் கொடுக்கலாம்.