கயிற்றைத் தாண்டிய எலி

ஒரு பேட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினால் நோய் நின்றுவிடுமா? 1900 மார்ச்சில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர அதிகாரிகள் அப்படித்தான் எண்ணினார்கள். சீனர் குடியிருப்பில் ஒருவர் பிளேக் நோயால் இறந்தாரோ என்ற ஐயம் எழுந்ததும், இரவோடிரவாக அப்பகுதியைக் கயிற்றால் வளைத்தார்கள். வெள்ளையர் வெளியேறலாம், சீனர் கூடாது!

மே இறுதியில் மறுபடியும் அடைப்பு. இம்முறை எல்லைக்கோடு வெள்ளையரின் கடைகளை மட்டும் விலக்கி வளைந்து வளைந்து சென்றது. கிருமிக்குக் கடைக்காரரின் நிறம் தெரியுமா, என்ன? வெளியே வேலை பார்த்த சீனர் பிழைப்பை இழந்தனர். உள்ளே உணவுப் பொருள்களின் விலை ஏறியது. ஜூ ஹோ என்ற மளிகைக்காரர் வழக்குத் தொடுத்தார். ஜூன் மாதம் நீதிமன்றம் அடைப்பை நீக்கியது.

பிளேக் கிருமி எலியைத் தாக்குகிறது. எலி செத்ததும், அதன் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு இரத்தம் தேடி நம்மைக் கடிக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இலேயே கராச்சியில் இதைக் கண்டறிந்திருந்தார், நம்பியவர் சிலரே. எலிக்குக் கயிறு ஒரு தடையா? 1907இல் பிளேக் திரும்பியபோது நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பிறகுதான் எலிகளை முனைந்து ஒழித்தார்கள், நோய் அடங்கியது.

2020 பிப்ரவரியில், அந்நகரவாசிகள் எவருக்கும் கொரோனா உறுதியாகுமுன்பே, அதே சீனர் பேட்டையின் உணவகங்கள் வெறிச்சோடின. இம்முறை கயிறு எதுவும் கட்டப்படவில்லை.