டனீடின் நகரத்தின் 1,037 பேர்

மனநோய் எப்படி முளைக்கிறது என்று அறிய ஒரு காலத்தில் பெரும்பாலும் ஒரு வழிதான் இருந்தது. நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தவரின் வீட்டாரிடம் பழைய கதை கேட்பார்கள். "சின்ன வயசுல எப்படி இருந்தான்?" என்றால் எந்தத் தாய்க்கு நடுநிலையாகப் பதில் சொல்ல முடியும்? கண்முன் நிற்கும் துயரம் பழைய நினைவுகளிலும் தன் சாயத்தை ஏற்றிவிடும். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள் தாய்மார்கள்தான் பழி சுமந்தார்கள்.

நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் கேள்வியின் திசையே மாறியது. அங்கே ஒரே மகப்பேறு மருத்துவமனையில் 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே பிறந்த 1,037 குழந்தைகளை, மூன்று வயதிலிருந்து பின்தொடரத் தொடங்கினார் ஃபில் சில்வா. அப்போது அது குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுதான். யாருக்கு நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதன் பலமே அதுதான்.

பதினோரு வயதில் அவர்களிடம், பிறருக்குக் கேட்காத குரல்கள் உனக்குக் கேட்கின்றனவா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். பதில்கள் கோப்பில் கிடந்தன. அவர்களுக்கு 26 வயதானபோது எடுத்துப் பார்த்தால், அன்று வலுவாக 'ஆம்' என்றவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 16 மடங்கு அதிகம். அதே 26 வயதில் ஏதாவதொரு மனநோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஒன்று கண்டறியப்பட்டிருந்தது. பெரியவர்களின் நோய் என்று நாம் பெயரிட்டதில் பாதி, பள்ளிச் சீருடையிலேயே தொடங்கிவிட்டது.

எல்லாமே நிலைத்த வெற்றி அல்ல. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணு, வாழ்க்கை இடிகளோடு சேர்ந்து மனச்சோர்வைத் தூண்டுகிறது என்று 2003இல் இந்த ஆய்வாளர்கள் சொன்னது உலகெங்கும் பேசப்பட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எனக்கென்னவோ, மரபணுவைவிடச் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டதே இவர்களின் பெரிய கண்டுபிடிப்பு. ஒரு தடவை மட்டும் கேட்டு, வாழ்நாள் முழுதையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்லும் தேசிய கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டால், 32 வயதுக்குள் பதட்டமோ மனச்சோர்வோ வந்தவர்கள் இங்கே ஏறக்குறைய இரட்டிப்பு. ஜனங்கள் பொய் சொல்லவில்லை, மறந்துவிடுகிறார்கள்.

45 வயதுக்குள் 86 சதவீதம் பேர் ஏதோவொரு காலத்தில் மனநோய்க்கான வரையறைக்குள் வந்துவிட்டார்கள். அதுவும் பலருக்கு ஒரே நோயாக நிற்கவில்லை. இளமையில் பதட்டம், பிறகு குடி, பிறகு சோர்வு என்று உருமாறியது. நோயாளிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்ற பழைய கோடு இங்கே அழிந்துபோனது.

இப்போது அவர்களின் பிள்ளைகளையும் 15 வயதில் அழைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பதிலோடு ஒப்பிட, பெற்றோர் அதே வயதில் தாமே சொன்ன பதில் கையில் இருக்கிறது.