கணினியின் வேகம் குறைவது எங்கே?

சங்கங்களின் கணக்குகள் கணினியில் ஏறிவிட்ட இக்காலத்தில், “கணினி மந்தமாக இருக்கிறது, புதியது வாங்க அனுமதி வேண்டும்” என்னும் தீர்மானத்தை நான் அடிக்கடி படிக்க நேர்கிறது. அவற்றுட் பல நியாயமானவை. எனினும், ஒரு கம்பியின் குறையைக் கணினியின்மீதும், கணினியின் குறையை ஊழியர்மீதும் சுமத்திவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. அத்தகைய பிழை ஒன்றை நானே செய்தேன். அதனை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது என் கடமையெனக் கருதுகிறேன்.

ஒரு நெசவாளர் சங்கத்தில்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்தபொழுது, நாள்தோறும் மாலையில் எடுக்கவேண்டிய கணக்குப் பிரதி பல நாட்களில் எடுக்கப்படாதிருந்ததைக் கண்டேன். கணக்கேடுகளின் படங்களும் சேலை மாதிரிகளின் படங்களும் சேர்ந்து 40 ஜிகாபைட் அளவு. முன்னறைக் கணினியிலிருந்து உள்ளறைக் கணினிக்குக் கேபிள் வழியே அவை சென்று சேரவேண்டும். “குமாஸ்தாவின் கவனக்குறைவு” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வந்தேன்.

இவ்வாண்டு மீண்டும் சென்றபொழுது, புதிய கணினி வாங்கும் தீர்மானம் என் பார்வைக்கு வந்தது. காரணம் வினவினேன். “பிரதி எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது, ஐயா. ஆறு மணிக்குத் தொடங்கினால் எங்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் தவறிவிடுகிறது” என்றார் குமாஸ்தாவாகிய அப்பெண்மணி. சென்ற ஆண்டே இதனை ஏன் சொல்லவில்லை என்றேன். “தாங்கள் கேட்கவில்லையே” என்றார்.

முன்னறைக் கணினியின் செட்டிங்ஸ் பகுதியில், ஈதர்நெட் என்பதன் கீழ் ‘லிங்க் ஸ்பீட்’ என்னும் இணைப்பு வேகத்தைப் பார்த்தேன். விநாடிக்கு 100 மெகாபிட் என்றிருந்தது. அதிலுள்ள நெட்வொர்க் கார்டோ 1000 மெகாபிட் வேகத்திற்கு உரியது.

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட்டே. அவ்வேகத்தில் 40 ஜிகாபைட் செல்ல 3,200 விநாடிகள், அதாவது 53 நிமிடங்கள் வேண்டும். 1000 மெகாபிட் வேகத்திலோ 320 விநாடிகளே. ஐந்தரை நிமிடத்திற்குள் முடியும். நடைமுறையில் இரண்டும் சற்றுக் கூடுமாயினும், பஸ் கிடைப்பதும் தவறுவதும் இவ்வேறுபாட்டில்தான் இருந்தது.

வேகத்தை முடிவு செய்வது எது?

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் தோன்றியது. 100 மெகாபிட் வேகத்திற்கான விதிகள் 1995இலும், முறுக்கிய செப்புக் கம்பியில் 1000 மெகாபிட் வேகத்திற்கான விதிகள் 1999இலும் வகுக்கப்பட்டன. கேபிளினுள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு இணைகளாக உள்ளன. 100 மெகாபிட்டிற்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டிற்கு நான்கும் வேண்டும்.

கேபிளைச் செருகியவுடன், கார்டும் ‘ஸ்விட்ச்’ என்னும் இணைப்புப் பெட்டியும் தத்தம் திறனை ஒன்றுக்கொன்று அறிவித்து, இரண்டிற்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் இந்த அறிவிப்பு நடைபெறுவது இரண்டு இணைகளில் மட்டுமே. மற்ற இணைகளில் ஒரு கம்பி அறுந்திருப்பினும் 1000 என்று உடன்பாடு ஏற்பட்டுவிடும். ஆனால் அவ்வேகத்தில் இணைப்பு நிலைபெறாது. சிலமுறை முயன்றபின், பல கார்டுகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடுகின்றன. வேலை நிற்பதில்லையாதலால் எவரும் ஐயுறுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் துணியே காட்டிக்கொடுக்கும். இங்கே காட்டிக்கொடுப்பது திரையிலுள்ள அந்த ஓர் எண்தான்.

சோதிக்கும் முறை

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கவேண்டும். முன்னறைக் கணினியை உள்ளறைக்கு எடுத்துச் சென்று, நல்லதெனத் தெரிந்த ஒரு சிறு கேபிளால் ஸ்விட்சில் அதே துளையில் இணைத்தோம். 1000 என்று காட்டியது. ஆகவே கார்டும் குறையுடையதன்று, ஸ்விட்சும் குறையுடையதன்று. எஞ்சியது நீண்ட கேபிள். கதவு நிலையில் நசுங்கியிருந்த இடத்தையும் கண்டோம். சில நூறு ரூபாய்ச் செலவில் புதிய கேபிள் போட்டதும் குறை தீர்ந்தது.

கேபிள் நன்றாக இருந்தும் வேகம் ஏறாவிடில், பின்வருவனவற்றைக் கவனிக்கவேண்டும்:

1. ஸ்விட்ச் 1000 மெகாபிட் திறனுடையதா? 10/100 என்று மட்டும் பொறித்த பெட்டி அதற்குமேல் செல்லாது.

2. கேபிள் ‘கேட் 5ஈ’ அல்லது அதற்கு மேற்பட்ட தரமா? நீளம் 100 மீட்டருக்கு உட்பட்டதா?

3. கார்டின் அமைப்பில் வேகம் ‘ஆட்டோ’ என்றிருக்கிறதா? ஒரு முனையில் மட்டும் 100 முழு இருவழி என்று நிலையாக வைத்துவிட்டால், மறுமுனை அனுப்புதலையும் பெறுதலையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாத முறைக்கு இறங்கிவிடும். அப்பொழுது திரையில் 100 என்றிருந்தாலும் உண்மை வேகம் வெகுவாகக் குறையும்.

4. யுஎஸ்பி வழியாக மாட்டும் கார்டாயின், அத்துளை யுஎஸ்பி 2.0 வகையா? அவ்வகையின் உச்சவரம்பே 480 மெகாபிட்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளவேண்டும். இது சங்கத்திற்குள் உள்ள கணினிகளுக்கிடையேயான வேகம். வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் சந்தா 50 மெகாபிட்டாயின், உள்ளே 1000 இருப்பதால் அது பெருகிவிடாது.

நிர்வாக சபையின் பொறுப்பு

புதிய கணினி வாங்கும் தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது. நான் எழுதிய குறிப்பையும் அன்றே திருத்தி, தாமதத்திற்குக் காரணம் கேபிளே, ஊழியர் அல்லர் என்று பதிவு செய்தேன்.

அடுத்த முறை இத்தகைய தீர்மானம் வரும்பொழுது, “இணைப்பு வேகம் எவ்வளவு? கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா?” என்று நிர்வாக சபையில் எவரேனும் கேட்கட்டும்; விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதட்டும். சங்கத்தின் பணம் அங்கத்தினர் பணம். அதனைக் காப்பதோடு, குற்றமற்ற ஓர் ஊழியரின் நற்பெயரையும் அக்கேள்வி காக்கும். நான் ஓராண்டு தாமதமாகக் கேட்டேன். தாங்கள் அவ்வாறு தாமதிக்க வேண்டாம்.