உருமாறும் வைரஸும் நம் உடம்பின் காவலும்

2021 ஏப்ரல். கொல்கத்தாவில் கோவிட் இரண்டாம் அலை. "வங்காள வகை" என்று ஒரு பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் மேல்மாடி மாமி ஃபோனில் சொன்னார்: "ஊசி போடப் போய்த்தானே அது உருமாறுது? எங்களுக்கு வேண்டாம்பா." விஞ்ஞானம் கற்பித்தவன் நான், அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

கோவிட் வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. ஏ, சி, ஜி, யு என்று நான்கே எழுத்துகள். நம் செல்களுக்குள் பிறவிக் காவலர்கள் உண்டு. ஒன்று 'ஜாப்' என்னும் புரதம், 2002இல் கண்டறிந்தார்கள். சி-யை அடுத்து ஜி வந்தால் அது பிடித்துக்கொள்ளும் என்று 2017இல் தெரிந்தது. நம் மரபணுக்களில் அந்த ஜோடி குறைவு, ஆகவே அது அந்நியனின் அடையாளம். (நம் வங்காள உச்சரிப்பைக் கேட்டதுமே காய்கறிக்காரர் கண்டுபிடித்துவிடுவதில்லையா, அதுபோல!) பறவைகளிடமிருந்து வந்த 1918 ஃப்ளூவின் வாரிசுகளில், மனிதரிடையே பரவப் பரவ, அந்த ஜோடி குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

'அபோபெக்' என்ற இன்னொரு கூட்டம் சி-யை யு-வாகத் திருத்திவிடும். கோவிட் வைரஸில் மிகுதியாகக் காணும் மாற்றமும் அதுவே. அபோபெக்கின் கைவரிசை என்றே பலரும் கருதுகிறார்கள். திருத்தங்களில் பெரும்பாலானவை வைரஸுக்குக் கேடு. எப்போதாவது ஒன்று தங்கிவிடும்.

வங்காள வகைக்கு வருவோம். பி.1.618 என்பது அதன் எண். அதன் ஸ்பைக் புரதத்தில் 484ஆம் இடம் மாறியிருந்தது. ஜி இருந்த இடத்தில் ஏ, ஒரே எழுத்து. முன்பு நோய் கண்டவரின் எதிர்ப்பொருள் அங்கே சரியாகப் பிடிக்காமல் நழுவும். எதிர்ப்பொருள் போய் அந்த எழுத்தை மாற்றவில்லை. நகலெடுக்கையில் நேர்ந்த பிழை, காவலுக்குத் தப்பியதால் பிழைத்துக்கொண்டது.

அந்த வகை, மேற்கு வங்கத்தில் 2020 அக்டோபரில் எடுத்த மாதிரியிலேயே இருந்தது. நம் நாட்டில் ஊசி தொடங்கியதோ 2021 ஜனவரி 16. இப்படி மாதிரிகளின் எழுத்துகளை வாசிக்க 2020 டிசம்பரில் அமைந்த இன்சாகாக் கூட்டமைப்பில் தொடக்கத்தில் இருந்த பத்து ஆய்வகங்களில் ஒன்று நம் பக்கத்துக் கல்யாணியில்தான் இருக்கிறது.

மாமி சொன்னதில் பாதி உண்மை: தடுப்பு எதுவானாலும் தப்பிப்பவனைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கப் பிழைகள் வேண்டும்; பிழைக்கு நகல்கள் வேண்டும். ஊசியில்லாத உடம்பில் வைரஸ் இஷ்டத்துக்கு நகலெடுக்கும். ஊசி போட்ட உடம்பில் அதற்கு அவகாசம் குறைவு.

சில வாரங்களில் டெல்டா வந்து வங்காள வகையை ஓரங்கட்டிவிட்டது. மாமா மே மாதம் போய்விட்டார். மாமி ஜூலையில் ஊசி போட்டுக்கொண்டார். நான்தான் அழைத்துப் போனேன்.